இரு பத்திலக்க எண்கள்: ஒன்று பகா எண், மற்றது பகு எண்

2,14,74,83,647 என்பது 2³¹ − 1. 4,29,49,67,297 என்பது 2³² + 1. இரண்டும் பத்திலக்க எண்கள். இரண்டும் 2இன் அடுக்கை ஒட்டியே நிற்பவை. ஆனாலும் முன்னது பகா எண், பின்னது பகு எண். இரண்டையும் வகைப்படுத்தியவர் ஒருவரே: லியோனார்டு ஆய்லர். இடமும் ஒன்றே: செயின்ட் பீட்டர்ஸ்பர்க். இடையில் கழிந்தவை 40 ஆண்டுகள்.

இரண்டுக்கும் பின்னால் கணிதப் பெரியவர்களின் வாக்கு இருந்தது. 3, 5, 17, 257, 65537 என்று செல்லும் வரிசையில் வருவன எல்லாம் பகா எண்களே என்று 1640 வாக்கில் ஃபெர்மா நம்பினார். அடுத்த உறுப்புதான் 2³² + 1. 2³¹ − 1 பகா எண் என்று 1644இல் மெர்சென் பட்டியலிட்டார். ஃபெர்மாவின் நம்பிக்கை பொய்த்தது. மெர்சென் பட்டியலிட்ட அடுக்குகளில் 31 சரி. 67உம் 257உம் தவறு.

ஆய்லரின் கருவி இரண்டுக்கும் பொதுவானது: எண்ணின் அமைப்பே அதன் வகுத்திகளின் அமைப்பையும் கட்டுப்படுத்துகிறது. 2³² + 1ஐ வகுக்கும் பகா எண் எதுவும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகவே இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே எண் உடைந்துவிடுகிறது: 641 × 67,00,417. இதை 1732இல் அறிவித்தபோது ஆய்லருக்கு வயது 25.

2³¹ − 1இல் உழைப்பு வேறு. அதன் வகுத்தியை 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63தான் வரும். வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே தாண்டுவதால், அதுவரை இந்த அமைப்பில் வரும் பகா எண்கள் அனைத்தையும் சோதித்தாக வேண்டும். ஒன்றை விட்டாலும் முடிவு நிற்காது. 1772இல், ஏறக்குறையப் பார்வை இழந்த நிலையில், எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை என்ற முடிவை ஆய்லர் கணித அறிஞர் பெர்னூலிக்கு எழுதினார்.

இந்த வகை வேறுபாடு மற்றப் பண்புகளிலும் தெரிகிறது. இந்தப் பகு எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இரு விதமாக எழுதலாம்: 65,536² + 1², 62,264² + 20,449². இப்படி இரு வழி அமைவதே அது பகா எண் அல்ல என்பதற்குத் தனிச் சான்று. இந்தப் பகா எண்ணை 4ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே அதை ஒரு விதமாகக்கூட அப்படி எழுத முடியாது. ஆனால் அதை 2³⁰ஆல் பெருக்கினால், தன்னை நீங்கலான வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எட்டாவது நிறைவெண் கிடைக்கிறது.

அவை சேர்ந்த குடும்பங்களின் நிலையும் வேறுதான். 2இன் அடுக்கைவிட ஒன்று குறைந்த மெர்சென் பகா எண்களில், 2024இல் அறிவிக்கப்பட்டதையும் சேர்த்து அறியப்பட்டவை 52. ஃபெர்மா வரிசையிலோ 65537க்குப் பின் ஒன்றும் அகப்படவில்லை. எண்ணின் தோற்றமோ சொன்னவரின் புகழோ அதன் வகையைத் தீர்மானிப்பதில்லை. பகு எண் என்று காட்ட ஒரு வகுத்தி போதும். ஆய்லரின் வழியில் பகா எண் என்று நிறுவ, வகுக்கக்கூடிய ஒவ்வொன்றையும் விலக்கியாக வேண்டும். 641ஐக் கண்டது கூர்மை என்றால், 2³¹ − 1ஐ நிறுவியது பொறுமை. கணிதத்துக்கு இரண்டும் வேண்டும். நான் கூடுதலாக வணங்குவது பொறுமையைத்தான்.