நிலாவைக் கூப்பிட்ட பாட்டு

தமிழில் மழலைகளுக்கான பழைய பாட்டுகள் பெரும்பாலும் உடம்போடு ஒட்டியவை. கைவீசச் சொல்வது ஒன்று, உட்கார்ந்தபடியே சாய்ந்தாடச் சொல்வது ஒன்று, சோறு ஊட்டும்போது நிலாவைக் கூப்பிடுவது ஒன்று. எல்லாமே நாலைந்து வரிதான், எழுதியவர் பெயரும் தெரியாது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பாட்டுகளை எடுத்து, விரித்து, படப்புத்தகம் ஆக்கினார்கள். தமிழிலும் விரித்தார்கள், அதுவும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே! ஆனால் படம் இல்லாமல், பெரியவர்களுக்காக.

பெரியாழ்வார் திருமொழியில் யசோதை நிலாவைக் கூப்பிடும் ஒரு பதிகமே இருக்கிறது. முதலில் கெஞ்சுகிறாள். நிலா வரவில்லை. உடனே மிரட்டல்: பிள்ளை சின்னவன் என்று அலட்சியம் செய்யாதே, வேண்டுமானால் மாபலியிடம் போய்க் கேட்டுப் பார் என்கிறாள். வீட்டு முற்றத்துப் பேச்சு அப்படியே கவிதைக்குள் வந்துவிட்டது.

பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் இதை ஒரு இலக்கணமாகவே ஆக்கியது. குழந்தை கைகொட்டுவது சப்பாணிப் பருவம், கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரைப் பருவம், நிலாவைக் கூப்பிடுவது அம்புலிப் பருவம். இப்படிப் பத்துப் பருவங்கள், பருவத்துக்குப் பொதுவாகப் பத்துப் பாட்டு. நிலாவைக் கூப்பிடுவதற்குச் சாமம், தானம், பேதம், தண்டம் என்று அரசியல் உபாயங்கள் நான்கும் வேண்டும். 'அம்புலி புலி' என்று புலவர்களிடையே சொல்வழக்கே உண்டு, அவ்வளவு கடினமாம். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மேல் பாடினார், 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சி மேல் பாடினார். அருமையான நூல்கள். ஆனால் எந்தக் குழந்தைக்கும் அவற்றில் ஒரு பாட்டுகூடப் புரியாது!

இதே வேலையை லண்டனில் ராண்டால்ஃப் கால்டெகாட் வேறு விதமாகச் செய்தார். 1878 முதல் 1885 வரை, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீதம் 16 புத்தகங்கள். வண்ண அச்சு எட்மண்ட் எவன்ஸ். பாட்டில் ஒரு சொல்லையும் கூட்டாமல், படத்தாலேயே கதையை நீட்டினார். தட்டு கரண்டியோடு ஓடிப்போனது என்பதோடு முடிகிற பாட்டு ஒன்று உண்டு. அதற்கு அவர் கடைசியில் ஒரு படம் சேர்த்தார்: தட்டு உடைந்து கிடக்கிறது, கரண்டியைக் கத்தியும் முள்கரண்டியும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அப்பா அம்மாவாக இருக்கும்! படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது புரியும். 1886-இல் 39 வயதிலேயே அவர் இறந்துபோனார். அமெரிக்காவில் சிறந்த படப்புத்தகத்துக்குத் தரும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

தமிழில் குழந்தைக்கென்றே எழுதும் காலம் கவிமணி, அழ. வள்ளியப்பா ஆகியோரோடு வலுப்பெற்றது. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' 1944-இல் வந்தது. ஆனால் இவை புதிய பாட்டுகள். பழைய வாய்மொழிப் பாட்டுகளோ ஆராய்ச்சியாளர் கைக்குப் போயின. கி.வா.ஜகந்நாதனின் 'மலையருவி' (1958), நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' (1964) எல்லாம் பெரியவர்கள் புரட்டும் தொகுப்புகள். மறுபடியும் பெரியவர்களுக்கே!

ஏன் அப்படி? வண்ணப் படம் அச்சிடச் செலவு அதிகம். அதனால் நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயமும், 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகாவும் ஒரே படங்களை வைத்துப் பல மொழிகளில் புத்தகம் போட்டன. நல்ல யோசனைதான். ஆனால் கதை மொழி மாறும். எதுகையிலும் தாளத்திலும் உயிர் வைத்திருக்கிற பாட்டு அவ்வளவு எளிதில் மாறாது. ஒரே நாட்டுப் பாட்டைப் பக்கம் பக்கமாக விரித்த தமிழ்ப் படப்புத்தகம் அபூர்வமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நெய்வேலி போன்ற ஊரில் இது வெறும் இலக்கியப் பேச்சு இல்லை. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின், எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய நகரியம் அது. எண் போட்ட வட்டங்களில் குவார்ட்டர்ஸ். பாட்டியோ பெரும்பாலும் சொந்த ஊரில். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டுக் கிராமத்தோடு இடம்பெயர்ந்தவர்களும் உண்டு. பாட்டைச் சொல்லித்தர ஆள் பக்கத்தில் இல்லாத வீட்டில் புத்தகம்தான் அதைச் செய்ய வேண்டும். 1998-இல் அங்கே புத்தகக் கண்காட்சி தொடங்கியது. ஆனால் பொதுவாக இந்த மாதிரிக் கண்காட்சிகளில் குழந்தைகள் கடைக்குப் போனால், வழவழ தாளில் முதலில் கண்ணில் படுவது ஆங்கில ரைம்ஸ்தான்.

இப்போது அந்த இடத்தையும் செல்போன் பிடித்துக்கொண்டது. 2013-இல் சென்னையில் தொடங்கிய சூச்சூ டிவி, மலையிலிருந்து விழுந்த ஜாக்கையும் ஜில்லையும் எழுப்பி மறுபடி மலையேற வைத்தது. கால்டெகாட் செய்த அதே விரிவாக்கம், ஆனால் சொல்லையும் சேர்த்து நீட்டியது. உலகம் முழுக்கக் குழந்தைகள் பார்த்தார்கள். சென்னையில் உட்கார்ந்து இங்கிலாந்துப் பாட்டுக்கு அடுத்த அத்தியாயம் எழுத முடிந்திருக்கிறது. யசோதை மிரட்டிய பிறகு நிலா வந்ததா இல்லையா என்பதை ஒரு ஓவியர் வரைந்தால் அது எத்தனை பக்கத்துக்குப் போகும்!