ஆவாரையின் பெயர் வரலாறு

மன்னார், புத்தளம் முதலிய வறண்ட நிலங்களிலே, நீரூற்றுவாரின்றித் தானே தழைத்துப் பொன்னிறமாகப் பூத்து நிற்பது ஆவாரை. சங்கப் புலவர் இதனை ஆவிரை என்றனர். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் நிரல்படக் கூறும் மலர்களுள் இதுவும் ஒன்று. மடலேறத் துணிந்த தலைவன் சூடும் பூவும் இதுவே. சிங்கள மக்கள் இதனை ரணவரா என்பர். பூவைக் காய்ச்சிப் பருகும் வழக்கமும், பட்டையைக் கொண்டு தோல் பதனிடும் வழக்கமும் பழமையானவை.

இச்செடி உலகத் தாவரவியல் நூல்களில் இடம்பெற்ற வரலாறு இலங்கையோடு பிணைந்தது. ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1672ஆம் ஆண்டில் இங்கு வந்த பவுல் ஹெர்மன், செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தித் தாள்களில் ஒட்டி வைத்தார். அவற்றின் உள்ளூர்ப் பெயர்களையும் குறித்துக்கொண்டார். அவர் 1695இல் இறந்தபின் அத்தொகுதி கைமாறிச் சென்று, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசின் பார்வைக்கு எட்டியது. அதனை ஆராய்ந்து அவர் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

பின்னர் 1753இல், லின்னேயசு ஆவாரைக்குக் ‘காசியா ஓரிக்குலாற்றா’ எனப் பெயரிட்டார். முற்சொல் சாதியையும் பிற்சொல் இனத்தையும் குறிக்கும். ஓரிக்குலாற்றா என்றால் காதுடையது என்பது பொருள். இலைக்காம்பின் அடியிலே காதுமடல் போன்று அகன்றிருக்கும் செதில்களைக் காண்போர் இப்பெயரின் பொருத்தத்தை உணர்வர். பூவில் பத்துக் கேசரங்கள் இருப்பதால், தாம் வகுத்த பத்துக் கேசர வகுப்பில் அவர் இதனைச் சேர்த்தார்.

ஆயினும், காசியா என்னும் சாதி மிகப் பெருகி, வேறுபட்ட பல செடிகள் ஒன்றாகக் குவிந்தன. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தை நடத்திய றொக்சுபரோ ஆவாரையைச் ‘சென்னா’ என்னும் சாதியில் வைத்தார். அவர் நூல், அவர் மறைந்தபின், 1832இல் வெளிவந்தது. எனினும் பழைய பெயரே நெடுங்காலம் வழங்கிற்று. 1982இல் இர்வின், பார்ணபி என்னும் இருவர் கேசர இழைகளின் அமைப்பு, காய் வெடிக்கும் முறை முதலியவற்றை ஆராய்ந்து, காசியாவை மூன்று சாதிகளாகப் பிரித்தனர். கொன்றை காசியாவிலேயே நின்றது. ஆவாரை சென்னாவில் நிலைபெற்றது. இரண்டும் அவரைக் குடும்பத்தனவே.

இவ்வாறு சாதிப் பெயர் மாறியபோதும் ஓரிக்குலாற்றா என்னும் இனப் பெயர் மாறவில்லை. முதலிற் பெயரிட்டவரின் சொல்லைக் காப்பது தாவரவியலாரின் விதி. ஹெர்மனின் தொகுதி இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிலே பேணப்படுகிறது. ஹெர்மன், லின்னேயசு, றொக்சுபரோ ஆகியோரின் பெயர்களை நூல்கள் போற்றுகின்றன. ஆனால், இது இன்ன செடி, இது இன்ன நோய்க்கு மருந்து என்று அந்நிய வைத்தியருக்குச் சுட்டிக்காட்டிய இந்நாட்டு மக்களின் பெயர்களோ எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் சொல்லிக்கொடுத்த செடிப் பெயர்களே அவர்களுக்குச் சான்றாய் எஞ்சியுள்ளன.