சிமெண்ட் துப்பாக்கியின் கதை

"சரித்திரக் கட்டுரை ஒன்று கொடுங்கள்" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். கல்வெட்டும் செப்பேடும் படித்தவர்கள் எழுதும் பக்கங்களில் ஒரு சைட் இன்ஜினியருக்கு என்ன வேலை? முப்பத்தைந்து வருஷம் மும்பையில் பழைய கட்டடங்களுக்கு ரிப்பேர் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்தது பூச்சு வேலையின் சரித்திரம்தான். அதையே எழுதுகிறேன்.

மழைக்காலம் முடிந்தவுடன் செம்பூர், சயான், மாட்டுங்கா பக்கம் நடந்து பாருங்கள். மூங்கில் சாரம் கட்டியிருக்கும். கீழே கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருக்கும். மேலே ஒருவர் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, ரப்பர் குழாயைப் பிடித்துத் தூணின்மேல் சாந்தைப் பீய்ச்சிக்கொண்டிருப்பார். கேட்டால், "கன்னைட்டிங் நடக்குது சார்" என்பார்கள். கன் என்ற துப்பாக்கிதான் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அந்தத் துப்பாக்கியைச் செய்தவர் இன்ஜினியர் அல்ல. செத்த மிருகங்களைப் பாடம் செய்பவர்!

அவர் பெயர் கார்ல் ஏக்லி. 1864இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1885இல் ரயில் எஞ்சின் மோதி இறந்த ஜம்போ என்ற சர்க்கஸ் யானையைப் பாடம் செய்த குழுவில் இளைஞராக இருந்தார். 1896இல் சோமாலி நாட்டில் தன்மேல் பாய்ந்த சிறுத்தையை வெறுங்கையால் கொன்றவர் என்பது தனிக்கதை.

அந்தக் காலத்தில் பாடம் செய்வதென்றால் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைப்பது. நம் ஊரில் தோல்கன்று காட்டிப் பால் கறப்பார்களே, ஏறக்குறைய அந்தக் கைவேலைதான். ஏக்லிக்கு அது பிடிக்கவில்லை. மிருகத்தின் அளவுகளை எடுத்து, எலும்பு நிற்கும் விதம் பார்த்து, களிமண்ணில் தசைகளை வடித்தார். அதிலிருந்து அச்செடுத்து, காகிதக்கூழும் கம்பிவலையும் சேர்த்து லேசான உடல் ஒன்றைச் செய்தார். கடைசியில்தான் தோல் போர்த்தினார். உள்ளே இருப்பது சரியாக இருந்தால்தான் மேல்தோல் நிற்கும் என்பது அவர் தொழிலின் அடிப்படை. சிகாகோ ஃபீல்டு மியூசியத்தில் சண்டையிடும் பாவனையில் நிற்கும் இரண்டு ஆப்பிரிக்க யானைகள் அவர் கைவேலை.

அந்த மியூசியம் அப்போது இருந்த இடம், 1893 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய பழைய கட்டடம். உள்ளே செங்கல் இருந்தாலும் வெளிமுகப்பில் பெரும்பகுதி பாரிஸ் சாந்தும் நாரும் கலந்த தற்காலிக வேலை. சிகாகோப் பனியும் மழையும் அதைப் பெயர்த்துப் பெயர்த்து எடுத்தன. காற்றழுத்தத்தால் சாந்து தெளிக்கும் வித்தை ஏக்லிக்குத் தெரியும் என்பதால், இதற்கும் ஒரு வழி பாருங்கள் என்று மியூசியத்தார் கேட்டார்கள். 1907இல் கருவி தயாராயிற்று.

அதன் சூட்சுமம் எளிது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அறைகள். மேல் அறையில் சிமெண்டும் மணலும் உலர்ந்த கலவையாகப் போட்டு மூடி அழுத்தம் ஏற்றினால், அது கீழறைக்கு இறங்கும். கீழறையின் அழுத்தம் குறையாததால் வேலை நிற்காது. காற்று அந்த உலர் கலவையைக் குழாய் வழியே தள்ளிக்கொண்டு போகும். குழாயின் நுனியில்தான் தண்ணீர் சேரும். ஈரக் கலவையை அனுப்பினால் குழாயிலேயே இறுகிவிடும் என்ற தொல்லை இதில் இல்லை. வேகத்தில் அடிபடுவதால் சாந்து நெருக்கமாகப் படிந்து இறுகும். கொத்தனார் கரண்டியால் பூசும் பூச்சுக்கு அந்த இறுக்கம் வராது.

1910இல் நியூயார்க் சிமெண்ட் கண்காட்சியில் இதைக் காட்டினார்கள். 1911இல் காப்புரிமை கிடைத்தது. பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் இருந்த சிமெண்ட் கன் கம்பெனி வைத்த பெயர்தான் கன்னைட். அது வியாபாரப் பெயர் என்பதால் 1930களில் அமெரிக்க ரயில்வே இன்ஜினியர்கள் ஷாட்கிரீட் என்ற பொதுப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஈரக் கலவையையே பீய்ச்சும் முறை 1950களில் வந்தது. சுரங்கப்பாதை வேலையில் அது பெரிய மாற்றம். நம் நாட்டிலும் 1978இல் ஐ.எஸ். 9012 என்ற வழிகாட்டு நெறி வந்துவிட்டது. ஏக்லி 1926இல் காங்கோ மலைக்காட்டில் காலமானார்.

இனி மும்பைக்கு வருவோம். இங்கே கடல் உப்பும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் தொடுகின்றன. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். கான்கிரீட் வெடிக்கும், ஒருநாள் ஸ்லாப் பெயர்ந்து விழும். கன்னைட்டிங் இதற்கு நல்ல வைத்தியம்தான். ஆனால் முதலில் சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளையாகச் சத்தம் வரும் இடத்தையெல்லாம் கொத்த வேண்டும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவு கொத்தித் துருவை முழுதும் எடுக்க வேண்டும். மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்து, வலை கட்டி, நனைத்து, அதன்பிறகுதான் துப்பாக்கி.

1990களின் தொடக்கத்தில் செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டி வேலை. பணம் குறைவு, மழைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். கான்ட்ராக்டர் வெடித்த இடத்தை மட்டும் மேலாகத் தட்டிவிட்டு வலையைக் கட்டிவிட்டார். நாஸில் பிடித்தவர் விழுப்புரம் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். என்னிடம் வந்து, "சார், கம்பிக்குப் பின்னாடி கையே போவல. இதும்மேல அடிச்சா வலைதான் நிக்கும், ஸ்லாப் நிக்காது" என்றார். "அண்ணே, இன்னிக்கு அடிங்க, பாத்துக்கலாம்" என்றேன். பில்லில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

மூன்றாவது மழைக்காலத்தில் இரண்டாம் மாடிச் சமையலறைக் கூரை வலையோடு இறங்கியது. விடியற்காலை, அந்த வீட்டம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் தினமும் நின்று டீ போடும் இடத்தில் ஒன்றரை அங்குலக் கனத்தில் பெரிய பாளமாகக் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். கன்னைட் பூச்சில் ஒரு விரிசல் இல்லை. அதன் முதுகுப்புறம் முழுக்கச் செங்காவி நிறத்தில் துரு. வைக்கோல் திணித்த தோலைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது எனக்கு அந்தப் பாளம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வீட்டை மறுபடி நான்தான் செய்து கொடுத்தேன், கூலி வாங்காமல். அந்த அண்ணனைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தேன். கொத்தி முடிக்க ஒன்பது நாள், கன்னைட் அடிக்க ஒரே மத்தியானம். கீழே தெறித்து விழுந்த சாந்தை ஒரு பையன் வாரித் திரும்பக் கலவையில் போடப் போனான். தலைக்குமேல் அடிக்கும்போது கால் பங்குக்கு மேல்கூட இப்படித் தெறித்து விழும். அதில் பெரும்பாலும் மணல்தான், மறுபடி சேர்க்கக் கூடாது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் மேலிருந்தே அவனை அதட்டிவிட்டார்.

2009க்குப் பிறகு முப்பது வருஷம் தாண்டிய கட்டடங்களுக்கு மும்பையில் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கட்டாயம். உங்கள் சொசைட்டியிலும் ரிப்போர்ட் வந்திருக்கும், கொட்டேஷனும் வந்திருக்கும். செக்ரெட்டரியாக இருப்பவர்கள் சதுர மீட்டர் ரேட்டை மட்டும் பார்க்காமல், வலை கட்டுவதற்கு முந்தின நாள் ஒரு டார்ச்சோடு சாரத்தில் ஏறி, கம்பிக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். வலை கட்டிவிட்டால் பிறகு யாருக்கும் எதுவும் தெரியாது.