தானே புயலும் எங்க தெரு அடுப்பும்

வீட்டுக்கு வீடு காஸ் வந்தாச்சே, இன்னும் எதுக்கு விறகு அடுப்புன்னு சென்னையிலிருந்து வர்ற சொந்தக்காரங்க கேக்கிறாங்க. பண்ருட்டிப் பக்கம் அதுக்குப் பதில் முந்திரிக் கொல்லையில இருக்கு.

காய்ப்பு முடிஞ்சா மிளாறு கழிப்பாங்க. கொல்லை இல்லாதவங்களும் சருகு கூட்டி அள்ளிக்கலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. சுமக்கிறது என்னவோ பொம்பளைங்க தலைதான். கொட்டை உடைக்கிற இடத்துல ஓடு கிடைக்கும். எண்ணெய்ப் பசையோட சடசடன்னு எரியும். அந்த எண்ணெய் கையில பட்டா புண்ணாயிடும்.

பக்கத்துலயே நெய்வேலி. 1956ல் நிறுவனம் வந்தது, 1962ல் மின்சாரம் எடுத்தாங்க. பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கி 'லெக்கோ'ன்னு அடுப்புக்கரியும் வித்தாங்க. டவுன்ல வாங்கினாங்க. சும்மா கிடைக்கிற மிளாறை விட்டுட்டு எங்க தெருவுல கரிக்கு யார் காசு கொடுப்பா?

2007ல் அரசு இலவச காஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பிச்சப்பவும் அதே கதைதான். காபிக்கு காஸ், சோத்துக்கும் வெந்நீருக்கும் விறகு.

2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கரை கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சுது. கொஞ்ச நாளைக்கு வாசல் வரைக்கும் விறகு. வியாபாரிங்க கேட்ட விலைக்கு வண்டி வண்டியா போச்சு. வச்சிருந்தது தீர்ந்தப்போ பார்த்தா, மிளாறு கழிக்க மரமே இல்லை. ஒட்டுக்கன்னு வச்சு அது கிளை பரப்ப எத்தனை வருஷம்! எங்க தெருவுல சோறும் சிலிண்டர்ல வெந்தது அதுக்கப்புறம்தான். இலவச அடுப்பால ஆகாததை மரம் போனது செஞ்சுது.

இப்போ அந்தக் கன்னுங்க மரமாயிடுச்சு. சிலிண்டர் விலை ஏறுற மாசமெல்லாம் எங்க வீட்டுப் பின்பக்கம் மறுபடியும் புகை வருது.