சீமைக் கருவேல விதையைக் கேட்டது யார்?

ஆலங்குளம் பக்கம் யாரிடமாவது சீமைக் கருவேலம் எப்படி வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "காமராஜர் காலத்துல ஏரோப்ளேன்ல தூவுனாங்க." கொஞ்சம் விவரமானவர் என்றால், நம்ம நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுறதுக்கு அமெரிக்காக்காரன் அனுப்பிச்ச விதை என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

காமராஜர் பிறந்தது 1903. விதை வந்தது 1877. இதற்கு மேல் அந்தக் கதையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் வேலிக்கும் விறகுக்கும் என்று பல இடங்களில் இந்த விதையைப் போட்டார்கள். ஊர் ஞாபகத்தில் தங்கியது அந்தப் பிந்தைய விதைப்புதான். முதல் விதை வந்த கதை வேறு.

1876இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக இருந்த கர்னல் பெடோம், வருவாய்த் துறைச் செயலருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். வறண்ட பகுதிகளில் நட இந்த மரத்தின் விதை வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஜமைக்காவிலிருந்து விதை வந்து, கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் நட்டார்கள். இந்த பெடோம் நமக்கு அந்நியர் இல்லை. தென்னிந்தியப் பெரணிகளைப் படத்தோடு புத்தகமாகப் போட்டவர். நம்ம திருநெல்வேலி மலைகளில் ஏறி இறங்கிச் செடி சேகரித்தவர். காடு தெரிந்த ஆள்தான் விதை கேட்டிருக்கிறார்.

ஏன் கேட்டார்? வருடத்தைப் பாருங்கள். 1876 என்பது தாது வருசப் பஞ்சம் தொடங்கிய வருடம். ரயில் என்ஜின்கள் விறகைத் தின்றுகொண்டிருந்த காலமும் அதுதான். மழையில்லாத மண்ணில் சீக்கிரம் விறகு தரும் மரம் வேண்டும் என்பது அன்றைக்கு நியாயமான தேவை. சதி எதுவும் இல்லை. ஒரு ஆபீஸ் கடிதம், அம்புட்டுதான்.

சரி, உலகத்தில் எத்தனையோ மரம் இருக்க, கடல் தாண்டி வந்து நிலைத்தவற்றில் பயறு இனத்து மரங்கள் ஏன் இத்தனை? என் மனசில் ரொம்ப நாளாக இருந்த கேள்வி இது. பதிலின் ஒரு பாதி குற்றாலத்தில் இருக்கிறது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டுப் பார்த்தது. ஜாதிக்காய் விதை காய்ந்தால் செத்துப்போகும். முளைக்க வேண்டுமானால் ஈரம் போகாமல் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் கன்றாகவே கப்பலேற்ற வேண்டும். கருவேலம், கொடுக்காப்புளி, கொழிஞ்சி வகையறா அப்படியில்லை. விதைமேல் தண்ணீர் புகாத தோல். சாக்கில் கட்டி மாசக் கணக்கில் போட்டு வைத்தாலும் உயிர் போகாது. அந்தக் காலத்துக் கப்பல் பயணத்துக்கென்றே செய்த மாதிரி!

கொடுக்காப்புளிக்குக் கடிதம்கூடத் தேவைப்படவில்லை. மெக்சிகோவில் பிறந்த மரம், ஸ்பானியக் கப்பல்களில் மணிலா போய், அங்கிருந்து நம்ம கரைக்கு வந்திருக்கிறது. 1795இல் வெளிவரத் தொடங்கிய ராக்ஸ்பர்க்கின் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் நூலிலேயே அதற்கு இடம் உண்டு. இன்றைக்கு அதை வெளிநாட்டு மரம் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

விதையைக் கொண்டுவந்தது மனிதன். பரப்பியது ஆடு. சீமைக் கருவேலக் காய் இனிப்பு. ஆடு காயைத் தின்று விதையைப் புழுக்கையில் போடும். குடலைக் கடந்து வரும்போது கெட்டித்தோலும் இளகிவிடும். நம்ம மண்ணின் உடைமரத்துக் காயையும் ஆடு தின்னத்தான் செய்கிறது. ஆனால் உடைக்கன்று முளைத்தால் அதன் தழையையும் மேய்ந்துவிடும். சீமைக் கருவேலத் தழையை ஆடு சீண்டாது. ஒரே ஆடு, ஒரு மரத்துக்கு விதைப்பவன், இன்னொரு மரத்துக்கு விதைத்தும் அழிப்பவன். சாரல் குற்றாலத்தோடு நின்றுபோய், ஆலங்குளத்துக்குக் காற்று மட்டும் வந்து சேருகிற இந்தக் காட்டு நிலத்தில், எந்த மரம் ஜெயிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

மரத்தை விட்டுத் தரையில் படரும் செடிக்கு வந்தால், விதை எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கினால் ரப்பர் தோட்டங்கள். அங்கே மரத்தடியில் மண்ணை மூடிப் படர்கிற கொடிகளில் ஒன்று முக்குனா பிராக்டியேட்டா. நம்ம பூனைக்காலிக்குச் சொந்தக்காரன். வடகிழக்கு இந்தியாவிலிருந்து கேரளத்துக்கு வந்தது. 1991இல் கேரளத்திலிருந்து மலேசியாவுக்குப் போய் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் பரவியது. அங்கே சமவெளியில் அது சரியாகக் காய்ப்பதில்லை என்பதால், விதைக்கு இந்தியாவைப் பார்க்க வேண்டியதாயிற்று. அதன் விதைத்தோலும் கெட்டிதான். தோட்டங்களில் நகவெட்டியால் ஒவ்வொரு விதையின் ஓரத்தையும் நறுக்கி முளைக்க வைப்பார்கள்.

இதே வேலையை நம்ம தரிசில் சும்மா செய்வது கொழிஞ்சி. மாடு கடிக்காது, மண்ணை மூடும், தழைச்சத்து சேர்க்கும், மடக்கி உழுதால் உரம். விதையை மணலோடு சேர்த்து லேசாக இடித்துப் போட்டால் நன்றாக முளைக்கும் என்பது விவசாயிகள் அறிந்ததுதான்.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு? 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்ன பரபரப்பு ஞாபகம் இருக்கும். 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றித் தமிழ்நாட்டின் காடுகளை மீட்க அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. வெட்ட ஜேசிபி கிடைக்கிறது. வெட்டிய இடத்தில் எதைப் போடுவது? வெற்று நிலமாக விட்டால், மண்ணுக்குள் கிடக்கும் பழைய விதையும் தூரும் அடுத்த மழையிலேயே துளிர்த்துவிடும். உடைமர விதையோ கொழிஞ்சி விதையோ வேண்டும் என்று நம்ம ஊர் விதைக்கடையில் கேட்டுப் பாருங்கள். வெண்டையும் கத்தரியும்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

1876இல் பெடோம் கேட்டதும் கடல் தாண்டி விதை வந்தது. ஏனென்றால் கேட்கவும் அனுப்பவும் ஒரு நிர்வாகம் இருந்தது. எந்த மரம் நல்லது என்பதைவிட, எந்த மரத்தின் விதை கைக்கு வந்து சேருகிறது என்பதுதான் ஒரு நிலத்தின் முகத்தைத் தீர்மானித்திருக்கிறது. நம்ம செடிகளுக்கு அப்படி யாரும் கடிதம் எழுதவில்லை. கொழிஞ்சிக் காய் காய்ந்தால் வெடித்துச் சிதறிவிடும். பழுப்பேறத் தொடங்கும்போதே பறித்துத் துணியில் பரப்பிக் காயவைத்தால், அடுத்த மழைக்கு ஒரு படி விதை கையில் இருக்கும். ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டால், எந்த உடைமரம் நன்றாகக் காய்க்கும் என்று அடையாளம் காட்டுவார்கள்.