உயிர் காலேஜ், செத்த காலேஜ்

எங்க திண்டுக்கல் பக்கத்துல இருந்து அந்தக் காலத்துல மெட்ராஸ் போய்ட்டு வந்த பெருசுங்க, ரெண்டு காலேஜைப் பத்திக் கதை கதையா சொல்வாங்க. செத்த காலேஜ்னா எழும்பூர் மியூசியம். உயிர் காலேஜ்னா மிருகக்காட்சி சாலை. யார் வெச்ச பேரோ, கனகச்சிதம். ரெண்டும் ஒரே காம்பவுண்டுல இருந்தவைதான்!

1850களில் மியூசியத்தைக் கவனிச்சுக்கிட்டவர் எட்வர்ட் பால்ஃபர். தொழில் ராணுவ டாக்டர். கர்நாடக நவாபைப் பேசிக் கரைச்சு, அவர்கிட்ட இருந்த மிருகங்களை மொத்தமா மியூசியத்துக்கு வாங்கிட்டார். கூட்டம் அள்ளியது. 1855ல் அங்கேயே மிருகக்காட்சி சாலை ஆரம்பிச்சாச்சு. ஒரே வருஷத்தில் 360 ஜீவன்களுக்கு மேல. 1861ல் கார்ப்பரேஷன் கைக்குப் போய், சென்ட்ரல் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க்குக்கு ஜாகை மாறியது. 116 ஏக்கர் பூங்கா, அனுமதி இலவசம். கிராமத்து ஜனம் ரயிலை விட்டு இறங்கி நடந்தே போய்ப் பார்க்கலாம்.

பிறகு அந்தப் பூங்காவைக் கூறு போட்டாங்க பாருங்க... மூர் மார்க்கெட், ரிப்பன் பில்டிங், ஸ்டேடியம். மிருகங்களுக்கு இடம் போதலை. 1979ல் வண்டலூர் காட்டில் 1265 ஏக்கர் ஒதுக்கி, 1985 ஜூலையில் எம்.ஜி.ஆர். திறந்து வெச்சார். மூர் மார்க்கெட் எரிஞ்சதும் அதே வருஷம்தான்.

கூண்டுல கிடந்த மிருகங்களுக்கு இது நல்லதுதான், மறுக்கலை. ஆனா ஊருக்கு நடுவுல இருந்த அத்தனை பெரிய பச்சை?

மிச்சம், மை லேடீஸ் கார்டன். போன தடவை அங்கே நிழல்ல படுத்திருந்த பெரியவர்கிட்ட, "இந்தப் பக்கம்தானே புலியெல்லாம் இருந்துச்சு?"ன்னு கேட்டேன். கண்ணைத் தொறக்காமலே, "வண்டலூர் போப்பா"ன்னார் :-)