பேராக்கில் தூண்டில் மீன்பிடிப்பு

பேராக்கில் தூண்டில் மீன்பிடிப்பு என்பது, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் விற்பனைக்காக அல்லாமல் பொழுதுபோக்குக்காகவும் வீட்டுக் குழம்புக்காகவும் மக்கள் தூண்டில் போடும் வழக்கம். ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயக் குட்டைகள், ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய தோட்டங்களின் வாய்க்கால்கள், பேராக் ஆறு, அதன் அணை ஏரிகள், மேற்குக் கரையின் கழிமுகங்கள் ஆகியவை இதன் களங்கள். ஆற்றையும் கழிமுகத்தையும் தவிர மற்றவை எல்லாம் ஏதோ ஒரு தொழில் தோண்டியோ தேக்கியோ விட்டுப்போன நீர்நிலைகள். அதனால் இங்கே தூண்டில்காரர் மீனைப் படிப்பதற்கு முன் கரையையும் மழையையும் படிக்க வேண்டியிருக்கிறது.

ஈயக் குட்டைகள்

மலேசியத் தமிழில் ஈயம் என்றால் வெள்ளீயம். தமிழ்நாட்டு வாசகர் காரீயம் என்று எண்ணிவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிந்தா பள்ளத்தாக்கு உலகின் முக்கியமான ஈய வயல்களுள் ஒன்றாக இருந்தது. நீரைப் பீச்சி மண்ணைக் கரைத்து, அந்தக் குழம்பைப் பம்பால் ‘பலோங்’ என்னும் நீண்ட மரச் சரிவுக்கு ஏற்றி, கனமான தாதுவைத் தங்கவைப்பது ஒரு முறை. மிதக்கும் பெரிய கப்பலிலிருந்து வாளிச் சங்கிலியை இறக்கி நிலத்தைத் தோண்டுவது இன்னொன்று. தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காட்சிக்கு நிற்கும் ஐந்தாம் எண் கப்பல் 1938இல் கட்டப்பட்டது. 1982 வரை தோண்டியது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, குழிகளில் மழைநீர் நிறைந்தது. பத்து காஜா, கோப்பேங், கம்பார், மாலிம் நாவார், துரோனோ வட்டாரங்களில் பார்க்கும் குட்டைகள் பலவும் இப்படி உண்டானவையே.

குளத்துக்குப் படித்துறை உண்டு, ஏரிக்குச் சரிந்த கரை உண்டு. ஈயக் குட்டைக்கு இரண்டும் இல்லை. கரையில் நிற்பவரின் காலடியில் வெள்ளை மணல் கிடக்கும். இரண்டடி தள்ளி, நீரின் வெளிர்பச்சை ஒரே கோட்டில் கரும்பச்சையாக மாறும். அந்தக் கோடுதான் பழைய குழியின் விளிம்பு; அதற்கு அப்பால் கால் ஊன்ற இடமே கிடையாது. பெரிய மீன் அந்த விளிம்பை ஒட்டியே உலவுவதால் தூண்டில்காரரும் அதன் அருகே போய் நிற்கிறார். மழைக்குப் பின் கீழ்மணல் கரைந்து, மேற்பகுதி கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஆள் பாரத்தில் அது சரிந்துவிடும்.

மணல் கரையைவிடக் கழிவுச்சேறு தேக்கிய இடங்கள் ஆபத்தானவை. வெயில் காலத்தில் மேலே களி காய்ந்து ஓடுபோல் வெடித்திருக்கும், புல்லும் முளைத்திருக்கும். ஒரு முழத்துக்குக் கீழே தயிர்போன்ற சேறு. அப்படிப்பட்ட இடத்தில் கையில் ஒரு கழியை வைத்துக்கொண்டு, குத்திப் பார்த்தபின் அடுத்த அடி வைப்பதே பழகியவர்களின் முறை. நீச்சல் தெரியும் என்பது இங்கே பெரிய காப்பு அல்ல. மிதவை உடுப்பு ஒன்றுதான் காப்பு, அதைக் கரையில் நிற்பவரும் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில குட்டைகள் வேறு வாழ்வு பெற்றுவிட்டன. தைப்பிங் ஏரிப் பூங்கா 1880இல் ஒரு சுரங்கக் குழியிலிருந்து உருவானது. பத்து காஜா அருகே உள்ள கிந்தா இயற்கைப் பூங்காவின் குட்டைகளில் கொக்குகளும் நாரைகளும் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. தஞ்சோங் துவாலாங்கின் குட்டைகளில் ‘ஊடாங் காலா’ எனப்படும் பெரிய நன்னீர் இறால் வளர்க்கப்படுகிறது. இந்த இறாலின் குஞ்சு பிழைக்க உவர்நீர் வேண்டும் என்பதை 1960களின் தொடக்கத்தில் பினாங்கின் குளுகோரில் இருந்த ஆய்வாளர் ஷாவ்-வென் லிங் கண்டறிந்தார். உலகெங்கும் இதன் வளர்ப்புத் தொழில் அதிலிருந்துதான் தொடங்கியது.

தோட்டத்து நீர்

1877இல் கொண்டுவரப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று கோலகங்சாரில் இன்னும் மரமாக நிற்கிறது. அதன் பின் பேராக்கில் பரவிய தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்தன. அதிகாலைப் பால்வெட்டு மதியத்தோடு முடிந்துவிடும். மிச்சப் பொழுதுக்கு லயத்தின் பின்னே ஓடும் ‘அல்லூறு’ என்னும் வாய்க்காலும் தோட்டத்துக் குளமும் இருந்தன. மூங்கில் கழி, நைலான் நூல், சாக்கடை ஓரத்தில் தோண்டிய மண்புழு. இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. கரையில் கழிகளை வரிசையாகக் குத்திவிட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, விடிந்ததும் போய்ப் பார்ப்பது விராலுக்கென்றே இருந்த வழக்கம்.

ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. மக்கள் புந்தோங், குனோங் ராப்பாட் போன்ற ஈப்போ வட்டாரங்களுக்கும் அதற்கு அப்பாலும் குடிபெயர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் கழியைக் கட்டிக்கொண்டு, தான் பிறந்த தோட்டத்தின் அல்லூறுக்கே திரும்பி வருபவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு அந்த இடத்தில் லயம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. நீர் மட்டும் அதே வளைவில் ஓடுகிறது. பொழுதுபோக்கு என்ற சொல் இவர்கள் விஷயத்தில் மிகவும் சிறியது.

தோட்டம் தனியார் நிலம். நுழைய அனுமதி கேட்க வேண்டும். செம்பனையில் களைக்கொல்லி அடித்த வாரத்திலும், அதையடுத்து மழை பெய்த நாளிலும் வாய்க்கால் மீனைத் தவிர்ப்பது நல்லது. பராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. மற்றவை புழக்கத்தில் இருக்கின்றன. ஈயக் குட்டைகளைப் பொறுத்தவரை, சிலவற்றின் நீரிலும் சேற்றிலும் ஆர்செனிக் உள்ளிட்ட உலோகங்கள் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. அடிச்சேற்றில் மேயும் மீனைத் தொடர்ந்து உண்ணாமல் இருப்பதே விவேகம்.

மீன்கள்

தமிழர் தேடிப் போகும் முதல் மீன் விரால், மலாயில் ஹருவான். பிள்ளைப் பேற்றுக்கும் அறுவை சிகிச்சைக்கும் பின் புண் ஆற இதன் சாற்றைக் கொடுக்கும் வழக்கம் மலாய், சீன, தமிழ் வீடுகள் மூன்றிலும் உண்டு. உயிர்த் தவளையையோ ரப்பர் தவளையையோ ஆகாயத்தாமரைக்கு இடையே குதிக்கவிட்டு இதைப் பிடிக்கிறார்கள். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். நீர்ப்பரப்பில் மெல்ல வாய் திறந்து மூடும் ஒரு சிறு வட்டம் தெரிந்தால், தூண்டில்காரர் அங்கேதான் வீசுவார்.

அதன் பெரிய உறவினன் தோமான், ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். பேராக் ஆற்றில் 1930இல் எழுந்த செண்டேரோ அணையின் ஏரியும், 1970களின் பிற்பகுதியில் முடிந்த தெமெங்கோர் ஏரியும் தோமானுக்குப் பெயர்பெற்றவை. தோமான் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மேலே வந்து கொப்பளிக்கும்; தாயும் தந்தையும் நேர் கீழே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் எதை வீசினாலும் பசி இல்லாமலே பாய்ந்து கடிக்கும். அப்படிப் பிடித்து எடுத்துப் போனால் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரையாகும். பிள்ளைக்காரத் தோமானை விட்டுவிடுவது என்பது பல தூண்டில்காரர் தமக்குள் வைத்துக்கொண்ட நல்ல கட்டுப்பாடு. எல்லோரும் அப்படி இருக்க வேண்டும்.

திலாப்பியா ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் இதையே ஜிலேபி என்கிறார்கள். தென் அமெரிக்காவின் பீக்காக் பாஸ் ஈயக் குட்டைகளில் விடப்பட்டுப் பெருகியிருக்கிறது. சிறு மீன்களைத் தின்று தீர்ப்பதால் பிடித்தபின் திரும்ப விடக் கூடாத மீன் இது. பனையேறி, கெளுத்தி, லம்பாம், செபாராவ் எங்கும் உண்டு. கெலா என்பது மலை ஓடைகளின் மீன், செம்பனைப் பழத்துக்கு வரும். 2007இல் அறிவிக்கப்பட்ட ராயல் பெலும் பூங்காவின் ருவோக் ஆற்றில் அதற்குச் சரணாலயமே இருக்கிறது. புக்கிட் மேரா ஏரி, கிரியான் வயல்களின் பாசனத்துக்காக 1906இல் கட்டப்பட்டது. அதில் வாழும் அரோவானா அழிவை எதிர்நோக்கும் பாதுகாக்கப்பட்ட மீன், அதைத் தொடக் கூடாது.

வானிலை

தித்திவாங்சா மலைத்தொடர் வடகிழக்குப் பருவக்காற்றை மறிப்பதால் கிளந்தானில் வெள்ளம் வரும் மாதங்களில் ஈப்போ பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இங்கே கனமழை இரு பருவங்களுக்கு இடைப்பட்ட காலத்தில், ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் வரும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரண்டு மணிக்கு மலை மீது மேகம் கறுக்கும். மூன்று, நான்கு மணிக்கு இடியோடு கொட்டித் தீர்க்கும். ஆகவே விடியலில் போய் மதியத்துக்குள் திரும்புவதே இந்த மாதங்களுக்கு ஏற்ற நேரம். மழை விஷயத்தில் தைப்பிங் தனி ரகம். தீபகற்பத்தில் மிகுதியாக மழை பெறும் ஊர் அது, ஆண்டு மழை சுமார் 4,000 மில்லிமீட்டர்.

மின்னலுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். இன்றைய தூண்டில் கழி கார்பன் இழையால் ஆனது. அது மின்சாரத்தைக் கடத்தும். மரமில்லாத வெட்டவெளிக் குட்டைக் கரையில் அதை உயர்த்திப் பிடித்து நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பார்த்தால் மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் கழியைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போய்விட வேண்டும். செம்பனை மரத்தடி தஞ்சம் புகும் இடமல்ல.

மலை ஓடைகளில் அஞ்ச வேண்டியது ‘கெபாலா ஆயர்’, மேலே பெய்த மழை திடீரென இறங்கும் நீர்ப்பெருக்கு. நிற்குமிடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அது வரும். தெளிந்த நீர் பழுப்பேறினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ பொருளை விட்டுவிட்டு மேட்டில் ஏற வேண்டும். லூமுட், கோலகுராவ் போன்ற கடலோரங்களில் தென்மேற்குப் பருவத்தின் விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து வரும் சூறைக்காற்று சிறு படகுகளுக்கு எமன். கழிமுகத்தில் கொடுவாய்க்குப் போகிறவர்கள் நாள்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்தே கிளம்புவார்கள். அப்போதுதான் ஓதம் வலுத்திருக்கும். 1997, 2015 ஆண்டுகளில் வந்த கடும் புகைமூட்டத்தின்போது எதிர்க்கரையே தெரியவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டில் இருப்பதே நல்லது.

விலங்குகளும் நோய்களும்

செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம். எலியைத் தேடி நாகம் வரும். நஞ்சைக் கண்ணில் துப்பும் நாகமும் இதில் உண்டு. கண்ணில் பட்டால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். உதிர்ந்த மட்டைகளை அடுக்கிய வரிசைமேல் காலை வைக்கக் கூடாது. பாம்பு தங்கும் இடம் அது. பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் மஞ்சோங் கழிமுகங்களிலும் முதலை உண்டு, அங்கே இடுப்பளவு நீரில் இறங்கி மீன் பிடிப்பது கூடாது. கிரிக்கிலிருந்து ஜெலி போகும் நெடுஞ்சாலையில் இரவில் யானைகள் கடக்கும்.

பெரிய விலங்குகளைவிட எலியின் சிறுநீரே அதிகக் கேடு செய்கிறது. தேங்கிய நீரில் கலந்து, காலில் உள்ள கீறல் வழியே ஏறி, எலிக்காய்ச்சலை உண்டாக்கும். புண் உள்ள காலோடு நீரில் இறங்காமல் இருப்பதும், முழங்கால் பூட்ஸ் போடுவதும் அபாயத்தைக் குறைக்கும். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மருத்துவரிடம் குட்டைக்குப் போனதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டெங்கி என்று எண்ணவும் இடமுண்டு. கெளுத்தி முள் குத்தினால், பொறுக்கும் அளவு சூடான நீரில் கையை அமிழ்த்த வலி தணியும்.

ஆற்று ஆமையான ‘துந்தோங்’, போத்தா கானான் பகுதி மணல்திட்டுகளில் முட்டையிடும். அங்கே அதற்குக் காப்பகமும் உண்டு. தூண்டிலில் ஆமை சிக்கினால் நூலை இழுக்காமல் முள்ளுக்கு அருகே வெட்டிவிட வேண்டும்.

நடைமுறை

வெடி, நஞ்சு, மின்சாரம் கொண்டு மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடைசெய்கிறது. ‘தூபா’ வேரை நசுக்கி ஓடையில் கலக்கும் பழைய வழக்கமும், பேட்டரியால் கரண்ட் வைப்பதும் இதில் அடங்கும். கரண்ட் வைத்த அல்லூறில் குஞ்சும் மிஞ்சாது. தூண்டில்காரர் இதைக் கண்டால் புகார் செய்யத் தயங்கக் கூடாது. ராயல் பெலுமுக்குள் நுழைய முன் அனுமதி வேண்டும். ஈயக் குட்டைகள் பல மீன் வளர்ப்புக்கும் வாத்து வளர்ப்புக்கும் தற்காலிக உரிமத்தில் கொடுக்கப்பட்டுள்ளன, வேலி இல்லாத குட்டையிலும் கேட்டுவிட்டுத்தான் வீச வேண்டும்.

ஈயக் குட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு வரைபடத்தில் பெயர் கிடையாது. முன்னாள் சுரங்க முதலாளியின் பெயர், பக்கத்து முனீஸ்வரர் கோயில், நீரின் நிறம் என்று ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. 999க்கு அழைத்து ‘பச்சைக் குட்டை’ என்றால் மீட்புப் படைக்கு ஒன்றும் விளங்காது. தனியே போகிறவர் கரையை அடைந்ததும் கைப்பேசியில் இருப்பிடத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டு, அதன் பிறகே முள்ளில் புழுவைக் கோக்க வேண்டும்.